வீட்டுக்குள் ஒரு கப்பித் தொட்டி



உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். பாத்திரம் கழுவ, துணி அலச, மாட்டுக்குக் காட்ட என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில் அதை நிரப்பி வைக்காமல் இருக்க முடியாது. நாளைக் காலையில் அந்தத் தொட்டியருகே குனிந்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். நூல் துண்டுபோல ஏதோ நெளிந்து நெளிந்து மேலே வரும். உங்கள் நிழல் பட்டதும் சட்டென்று கீழே இறங்கிவிடும். "என்னங்க, தொட்டியில புழு நெளியுது" என்று மனைவி சொல்வார். "பாத்துக்கலாம் விடு" என்று கணவர் சொல்வார். ஒரு வாரம், பத்து நாளில் அந்தப் புழு கொசுவாகிப் பறந்துவிடும்.

பகலில் கடிக்கிற, காலில் வெள்ளை வரியுள்ள கொசுவுக்கு ஏடிஸ் என்று பெயர். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான். அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தாலோ, மனைவி கர்ப்பமாக இருந்தாலோ டெங்கு வந்தால் ஆபத்து அதிகம். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடம் அந்தப் புழுவைத் தின்னும் ஒரு சிறிய மீனைப் பற்றியது. அதன் பெயர் கப்பி. அதைக் குறைந்த செலவில் வீட்டிலேயே வளர்க்கலாம். கூடத்தில் ஒரு சிறு தொட்டி இருந்தால் அது பார்க்க அழகு, பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு, கொல்லைத் தொட்டிக்கு மீன் பண்ணை.

கப்பி நம் நாட்டு மீன் அல்ல. தென் அமெரிக்காவின் வட பகுதியும் டிரினிடாட் தீவும் அதன் சொந்த ஊர். ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் டிரினிடாடிலிருந்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மீன்களுக்கு 1866-இல் அவர் பெயரையே வைத்தார்கள். அதே மீனை 1859-இலேயே வேறொருவர் விவரித்து எழுதிவிட்டார் என்பது பிறகு தெரிய வந்தது. இருந்தாலும் கப்பி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியூர் மீன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதனால் ஒரு பொறுப்பு வருகிறது, பின்னால் சொல்கிறோம்.

தொட்டி எது?

கடையில் விற்கும் விளக்கு வைத்த பெரிய தொட்டியெல்லாம் வேண்டாம். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் சுமார் 25 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கி, மீன் தொட்டிக்கான சிலிக்கான் பசையால் நீங்களே ஒட்டலாம். குளியலறைக்கென்று விற்கும் பசையில் பூஞ்சணத்துக்கு மருந்து கலந்திருக்கும். அது மீனைக் கொல்லும். ஒட்டிய பிறகு புளித்த வாடை முழுவதும் போகும்வரை தண்ணீர் விடாதீர்கள்.

கண்ணாடிக்குக் காசு இல்லையா? வாய் அகன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் டப் போதும். வெடிப்பு விழுந்ததால் தண்ணீர்க் கடையில் ஒதுக்கிய 20 லிட்டர் கேன் கிடைத்தால், வெடிப்பு மேற்பாகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். அதில் தண்ணீர் குறைவு என்பதால் மூன்று மீனுக்கு மேல் வேண்டாம். பூச்சி மருந்து, பெயிண்டு, அமிலம் இருந்த பாத்திரம் எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது. கழுத்துக் குறுகிய ஜாடியும் ஆகாது. காற்று தண்ணீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாகத்தான். வாய் அகலமாக இருந்தால்தான் மீனுக்கு மூச்சு.

25 லிட்டர் தண்ணீர், கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறுவன் எடை வந்துவிடும். ஆடுகிற ஸ்டூலில் வைக்காதீர்கள். தவழுகிற பிள்ளை பிடித்து இழுக்கிற உயரத்திலும் வைக்க வேண்டாம். தரையில் டப் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு சாண் தண்ணீரில்கூடக் கைக்குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்கிவிடும். வலைக்கம்பி மூடி போட்டுக் கட்டுங்கள். அடுப்புப் புகை படாத, நேர் வெயில் விழாத, ஜன்னல் வெளிச்சம் வருகிற இடம் நல்லது. நேர் வெயிலில் தண்ணீர் சுடும், இரண்டே வாரத்தில் பச்சையாகிவிடும்.

அடியில் போடப் பட்டாணி அளவு கூழாங்கல் இரண்டு கை போதும். கழுவிய நீர் தெளிவாகும்வரை கழுவுங்கள். பாசிக் கொடி கொஞ்சம் வேண்டும். குளத்தில் கிடைக்கும் வேலம்பாசியே போதும். ஆனால் குளத்துப் பாசியோடு தும்பியின் புழுவும் வந்துவிடும். அது மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும். ஆகவே தனி வாளியில் நாலைந்து நாள் போட்டு, அலசிப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள். மீன் குறைவாகவும் பாசி நிறையவும் இருந்தால் காற்று மோட்டார் இல்லாமலே கப்பி வாழும். மோட்டார் வைப்பவர்கள் அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். தொட்டியில் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

வளர்ப்பது தண்ணீரை

மீன் செத்துப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மீன் அல்ல, தண்ணீர். இதை எழுதுகிறவர் தம் முதல் தொட்டியில் பட்ட பாட்டைச் சொல்லலாம். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று குழாய்த் தண்ணீரைப் பிடித்து நேரே ஊற்றினார். மறுநாள் காலையில் எட்டு மீனும் மிதந்தன. "மீனுக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றார் அத்தை. கண்ணு இல்லை, குளோரின்! குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் பிளீச்சிங் பவுடரின் குளோரின் போய்விடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். கிணறு, போர் தண்ணீராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சோறு வேக நேரமாகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்று நாம் சலித்துக்கொள்கிற கடினத் தண்ணீர் இருக்கிறதே, அது கப்பிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத விஷம். மீன் போடும் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை அதுதான். தொட்டியில் அது கொஞ்சம் சேர்ந்தாலே மீனின் செவுள் வெந்துவிடும். நல்லவேளையாக இதைத் தின்று வாழ்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இதனால் கெடுதல் குறைவு. பாசிக்கொடி அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் கண்ணாடியிலும் வழவழவென்று ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

ஆகவே முதல் நாளே எல்லா மீனையும் விடக்கூடாது. தண்ணீரும் பாசியும் ஒரு வாரம் இருக்கட்டும். பிறகு இரண்டே இரண்டு மீன் விடுங்கள். தீனி மிகக் கொஞ்சம் போடுங்கள். ஒன்று விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, ஆற வைத்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மாதம் தாண்டினால் மற்ற மீன்களை விடலாம். ஏற்கெனவே மீன் வளர்க்கும் வீட்டிலிருந்து ஒரு கை கூழாங்கல்லைக் கழுவாமல், ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் இந்தக் காலம் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதுவும்.

இப்போது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறைச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விடுகிறார்கள். சுத்தம் நல்லதுதான். ஆனால் தேய்த்துக் கழுவியது அந்த நுண்ணுயிர்களை. மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். தொட்டியை ஒருபோதும் முழுக்கக் காலி செய்யாதீர்கள்; சோப்பு கிட்டவே வரக்கூடாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை அடியிலிருந்து குழாய் வைத்து எடுத்துவிட்டு, அதே அளவு ஊற்றினால் போதும். எடுத்த தண்ணீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், நல்ல உரம். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம், தண்ணீர் நிரப்பி விரலால் அடைத்துத் தொங்கவிட்டால் தானே ஓடும். கையில் புண் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டி நீரிலுள்ள ஒருவகைக் கிருமி லேசில் ஆறாத புண்ணை உண்டாக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இந்த வாரக் கழுவல் யார் வேலை? "வீட்டு வேலை எல்லாம் அவ பாத்துப்பா" என்று இதையும் மனைவி தலையில் ஏற்றிவிட வேண்டாம். தண்ணீர் தூக்குவது கணவர், தீனி போடுவது மனைவி, மீனை எண்ணுவது பிள்ளைகள் என்று வைத்துக்கொண்ட வீடுகளில் தொட்டி வருஷக்கணக்கில் நிற்கிறது.

எத்தனை மீன்?

25 லிட்டர் தொட்டிக்கு ஆண் இரண்டு, பெண் நான்கு. அதோடு நிறுத்துங்கள். வால் விசிறிபோல விரிந்து, பல நிறத்தில் மின்னுவது ஆண். அது ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. சாம்பல் நிறத்தில் வயிறு பருத்து, இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்வது பெண். அழகாக இருக்கிறதென்று ஆணையே வாங்கிக் குவித்தால், அவை பெண் மீனை ஓட ஓட விரட்டி, தின்னவிடாமல் சாகடித்துவிடும். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கு அதற்காகத்தான்.

வாங்கும்போது நீண்ட வாலுள்ள விலையுயர்ந்த ரகம் வேண்டாம். சென்னை கொளத்தூரிலிருந்து ஊர் ஊராகப் போகும் வண்ண மீன்களில் கண்ணைப் பறிக்கும் கப்பிகள் இருக்கின்றன, பார்க்கலாம், ரசிக்கலாம். கொசுப்புழு தின்னவும் நம் தண்ணீரைத் தாங்கவும் சாதாரணக் கப்பியே கெட்டி. சில இடங்களில் சுகாதாரத் துறையே புழு தின்னும் மீன்களை வளர்த்துக் கொடுக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே கம்பூசியா என்ற மீன் கிடைக்கலாம். பெண் கப்பி போலவே இருக்கும், ஆனால் மற்ற மீனின் செதிலைக் கடிக்கும். கப்பித் தொட்டியில் அதைச் சேர்க்காதீர்கள். மீன் வந்த பையை அப்படியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் விடுங்கள்.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குஞ்சு. பெரிய பெண் மீன் அதற்கு மேலும் போடும். வயிற்றின் பின்பக்கம் கறுப்புப் பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன், விந்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு ஆணே இல்லாமல் பல மாதம் குட்டி போடும். கடையிலிருந்து பெண் மீன் ஒன்றை மட்டும் வாங்கி வந்தாலும் வீட்டில் குஞ்சு வருவது இதனால்தான். ஒரு மீன், மாதம் முப்பது குஞ்சு, ஆறு மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 180 வருகிறது. தொட்டியோ 25 லிட்டர். அளவோடு இருக்க வேண்டும் என்று எங்கள் துறை மீனுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது! குஞ்சே வேண்டாம் என்றால் ஆண் மீன்களை மட்டும் ஐந்தாறு வளருங்கள். பெண் இல்லாவிட்டால் விரட்டலும் குறைவு.

குஞ்சு வேண்டும் என்பவர்கள் பாசியை அடர்த்தியாகப் போட வேண்டும். தாயே குஞ்சைத் தின்றுவிடும். கப்பிக்கு அது குற்றமில்லை, வாயருகே எது நெளிந்தாலும் தீனிதான். கொசுப்புழுவைத் தின்பதும் அந்தக் குணத்தால்தானே! பாசிக்குள் ஒளிந்து தப்பிய குஞ்சுகளைத் தனி டப்புக்கு மாற்றுங்கள். வேக வைத்த முட்டையின் மஞ்சள் கருவை மிளகளவு எடுத்து, தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவை பெரிதாகி, அவையும் குட்டி போடத் தயாராகிவிடும். உடன்பிறந்தவையே கூடிக் கூடி வந்தால் நாளடைவில் நோஞ்சான் குஞ்சுகள் வரும். வருஷத்துக்கு ஒருமுறை அடுத்த தெரு வீட்டோடு ஆண் மீனை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய மீனுக்கு ஒரு நாளைக்கு ஒருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும். கடையில் விற்கும் தீனிப் பொடி ஒரு சிட்டிகை. சோறு, பொரி, பிஸ்கட் வேண்டவே வேண்டாம், ஊறி அழுகும். "பாவம், பசிக்குமே" என்று அள்ளிப் போடும் பாட்டிமார் கையால் செத்த மீன்களே ஊரில் அதிகம். கொல்லைத் தொட்டியில் புழு கண்டால் வடிகட்டி எடுத்துப் போடுங்கள். ஓடி ஓடிப் பிடிக்கும். பிள்ளைகள் பார்த்துக் கை தட்டும். ஆனால் மீனுக்குத் தீனி வேண்டும் என்று புழு வளர்க்கப் பாத்திரம் வைத்துவிடாதீர்கள்.

உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்தால் அந்த மீனைத் தனிப் பாத்திரத்தில் விட்டு, 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பு கரைத்து ஊற்றுங்கள். கப்பி உப்பைத் தாங்கும். கொசு மருந்து அடிக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: கொசுவைக் கொல்லும் பெரும்பாலான ஸ்பிரே, காயில், பிளக்கில் செருகும் திரவம் ஆகியவற்றில் உள்ள மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் அதை வைக்காதீர்கள். புகை மருந்து அடிக்க ஆள் வரும் நாளில் தொட்டியை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

கொல்லைத் தொட்டிக்கு

வளர்ந்த குஞ்சுகளில் ஐந்தாறை எடுத்துக் கொல்லைச் சிமெண்டுத் தொட்டியில் விடுங்கள். புதிதாகக் கட்டிய தொட்டியானால் சுண்ணாம்புக் காரம் போக, வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்த பிறகே மீன் விடலாம். துணி அலசிய சோப்பு நுரை உள்ளே தெறிக்கக்கூடாது. மொண்டு வெளியே வைத்துத்தான் அலச வேண்டும். தொட்டியை முழுக்க வற்றவிடும் பழக்கம் உள்ளவர்கள், ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போதே மீனை வலையாலோ பழைய துண்டாலோ பிடித்து வாளியில் விட்டுவிடுங்கள்.

மீன் விட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை; தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடு காத்திருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். வாரம் ஒருநாள் தென்னை நார் கொண்டு சுவரின் மேற்பகுதியைத் தேய்த்துவிடுங்கள். பிறகு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுரல் குழி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் மீன் விட முடியாது. அவற்றைக் கவிழ்ப்பதும் துடைப்பதும் நம் கை வேலைதான். குடிக்கிற தண்ணீர்ப் பானையிலும் குடத்திலும் மீன் வேண்டாம். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி மூடுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன பொறுப்பு இதுதான். மீன் மிஞ்சிவிட்டதென்று ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கப்பி எந்தத் தண்ணீரிலும் பெருகும். நம் ஊர்ச் சிறு மீன்களின் குஞ்சையும் தீனியையும் அது தின்றுவிடும். குளத்தில் கொசுப்புழுவைத் தின்ன நம்முடைய மீனே இருக்கிறது. மேல்மட்டத்திலேயே மிதந்து, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் முண்டக்கண்ணி என்பார்கள். அதன் இடத்தைக் கப்பிக்குக் கொடுக்க வேண்டாம். மிஞ்சிய மீனை அக்கம்பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்கள். உங்கள் ஒரு வீட்டுத் தொட்டி சுத்தமாக இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் புழு நெளிந்தால் கொசு இந்தப் பக்கம்தானே வரும். பாழுங்கிணற்றில் விடலாமா என்று கேட்பவர்கள் சுகாதார ஆய்வாளரைக் கூட்டிவந்து காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

மீன் இருக்கிற வீட்டிலும் காய்ச்சல் வரலாம். கொசு பள்ளிக்கூடத்திலும் கடிக்கும். இரண்டு நாளில் விடாத காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் முதல் நாளே போக வேண்டும். கடையில் தானாக ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு கூடும். காய்ச்சல் குறையும் நேரத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கச் சோர்வு இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கடைசியாக, பலர் கேட்கும் கேள்வி. "நாங்க கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போறோம், மீனை என்ன பண்றது?" ஒன்றும் பண்ண வேண்டாம். போவதற்கு முந்தின நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள். வளர்ந்த கப்பி நாலைந்து நாள் பட்டினி தாங்கும், பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.